வெண்கட்டிக் கோடு

"எந்த நிமிஷத்துல இது துப்பாக்கி ஆகுது தம்பி?"

தேநீர் இடைவேளையில் அவர் இதைக் கேட்டபோது அவர் கையில் இருந்தது ஒரு மரத்துண்டு மட்டும்தான். வால்நட் மரம். இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ஒரு முனையைத் தோளில் பொருந்தும் வாகாகச் செதுக்கத் தொடங்கியிருந்தார். நான் வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்க மறந்து சுற்றிப் பார்த்தேன். ஆக்லாந்தின் ஹென்டர்சனில் பண்ணைக் கதவுகளும் ட்ரெய்லர்களும் செய்யும் அந்தப் பட்டறையில் எங்களோடு சேர்த்து மொத்தம் பதினொரு பேர். மற்ற ஒன்பது பேருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தச் சொல் எந்தப் பாஷையில் சொன்னாலும் விளங்கிவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

"மெதுவாய்க் கதையுங்கோ அண்ணை."

"ஏன்? கேள்விதானே கேக்கறேன்? இப்ப இது மரம். குழாய் தனியா கடையில விக்கிறான், அது இரும்பு. ரெண்டையும் சேத்து ஸ்குரூ போட்டா துப்பாக்கி. எத்தனாவது சுத்துல? முதல் சுத்துலயா, கடைசி சுத்துலயா? சட்டம் ஏதாவது ஒரு சுத்து சொல்லணும்ல?"

"ஓம்" என்றேன். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிட்டு விலகிவிடுவது என் சுபாவம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தெரியாது. அவர் எனக்கு நேரெதிர். கேட்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார்.

ஈப்போப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் பழகி, எனக்குப் பத்து வருடம் முந்தி ஆக்லாந்து வந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது. லேத்தில் அவர் கடைந்த சாமானை யாரும் இரண்டாம் முறை அளந்து பார்ப்பதில்லை. மேல்சட்டைப் பையில் இரண்டு பேனாவும் நாலாக மடித்த வெள்ளைத்தாளும் எப்போதும் இருக்கும். பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தின் கிளை ஒன்று வேலிக்கு மேலால் இவர் காணிக்குள் தொங்கியது. விழும் பழம் யாருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். எடுத்துக்கொள் என்றார் அந்த வெள்ளைக்காரர். இவருக்கு அது போதவில்லை. நகரசபைக்கு எழுதிப் போட்டார். பதில் வரும்வரை பழங்கள் புல்லில் கிடந்து அழுகின. பட்டறையில் மிஞ்சும் இரும்புத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக ஃபோர்மன் தலையாட்டினால் போதாது. இன்ன நீளம், இத்தனை துண்டு என்று எழுதி, ஃபோர்மனின் கையெழுத்து வாங்கித்தான் எடுப்பார். உள்ளூரில் தீராத கேள்விகள் எல்லாம் தலைநகரத்துக்குக் கடிதமாகப் போகும். அதனால் ஃபோர்மன் அவருக்கு வைத்த பெயர் 'வெலிங்டன்'. "ஹேய் வெலிங்டன், டாய்லெட்டுக்குப் போக அனுமதி வந்துவிட்டதா?" என்று அந்தத் தடித்த மனிதர் கத்துவார். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

"கேட்டா என்னா லா குறைஞ்சு போச்சு?" இது அவருடைய மந்திரம் மாதிரி.

துப்பாக்கி ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை போய்வந்திருந்தார். வீட்டில், தன் கையால், ஒரு ரைஃபிள் செய்யலாமா என்று கேட்க. முதல் நாள் மேசையில் இருந்த கான்ஸ்டபிள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கலாமே என்றாராம். "கடையில வாங்கினா எல்லாத்தையும் கடைக்காரன் கேட்டு வச்சிருப்பான். நானே செஞ்சா நானே கேக்கணும்ல?" கான்ஸ்டபிள் சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து இருவரும் தலையைக் குனிந்து படித்திருக்கிறார்கள். விற்பதற்காகச் செய்கிறவனைப் பற்றி இருந்தது. தனக்கென்று ஒன்று செய்கிறவனைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"சட்டத்துல இல்லன்னா, செய்யலாம்னு அர்த்தமா, கூடாதுன்னு அர்த்தமா?" என்று கேட்டாராம் இவர்.

"இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை" என்றாராம் கான்ஸ்டபிள்.

எனவே வெலிங்டனுக்குக் கடிதம். சில மாதங்களில் வந்த பதிலை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். லைசென்ஸ் துப்பாக்கிக்கு அல்ல, ஆளுக்கு. அந்த ஆள் தகுதியானவர் என்று பொலிஸ் விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். பூட்டி வைக்கும் இரும்பு அலுமாரி வேண்டும். அதன் பிறகு, தன் பாவனைக்கு, விற்காமல், சாதாரண ரைஃபிள் ஒன்றைச் செய்வதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்றே அவர்கள் கருதுகிறார்கள். "கருதுகிறார்கள்" என்ற இடத்தில் அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எந்தச் சுற்றில் துப்பாக்கி ஆகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதற்கு இன்னொரு கடிதம் எழுதினார்.

பாதுகாப்பு வகுப்பு ஒரு மண்டபத்தில் நடந்தது. இவர் கேட்ட கேள்விகளால் அது ஒரு மணித்தியாலம் கூடுதலாக நீண்டதாம். பின்வரிசையில் இருந்த மான் வேட்டைக்காரர்கள் நாற்காலியால் அடிக்கப் பார்த்தார்கள் என்று அவருடைய மனைவி சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிக்க முடியவில்லை. கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள் நாங்கள். மனைவியின் தமையன் இங்கே டொக்டர். அவர் பொறுப்பு எடுத்துத்தான் வந்தோம். நிரந்தரமாக இருப்பதற்கான எங்கள் விண்ணப்பமும் அதே வெலிங்டனில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டால் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். இந்த மனிதரைப் பற்றி நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று மாலையே டொக்டர் மச்சான் போனில் வந்தார்.

"உமக்கு விசரே? துவக்குச் செய்யிற ஆளோடை என்ன சிநேகிதம்? தமிழன், துவக்கு, இந்த ரெண்டு சொல்லும் ஒரு தாளிலை வந்தால் காணும், உம்மடை ஃபைலை மூடிப்போடுவாங்கள்."

"ஓம்" என்றேன்.

"ஒதுங்கி இரும்."

"ஓம்."

அடுத்த சனிக்கிழமை ரானுயியில் அவர் வீட்டில் நின்றேன். அவர் கூப்பிட்டார், நான் ஓம் என்றிருந்தேன். ரயிலால் இறங்கி மழையில் நடந்துபோனேன். இப்போது வெஸ்ட்கேட் கடைகள் நிற்கும் பக்கமெல்லாம் அப்போது வெறும் புல்வெளி. அங்கிருந்து வரும் காற்று குடையை மடக்கிவிடும்.

கராஜின் சீமெந்துத் தரையை இரண்டாகப் பிரித்து, பள்ளிக்கூடத்து வெண்கட்டியால் நேர்கோடு ஒன்று போட்டிருந்தார். இந்தப் பக்கத்து மேசையில் மரம். அந்தப் பக்கத்து மேசையில், பிரிக்காத பெட்டிகளில், இரும்பு. லைசென்ஸ் வரும்வரை இரண்டும் கோட்டைத் தாண்டக்கூடாது. அது அவர் தனக்குத் தானே போட்ட சட்டம்.

"மரத்துக்குச் சட்டம் இல்ல தம்பி. அதான் மரத்த மட்டும் தொடறேன்."

மரம் பட்டுப்போல இருந்தது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் வரிகள் ஓடுவது தெரிந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கோப்பி கொண்டுவந்தார். கோட்டை மிதிக்காமல் காலை எட்டிவைத்து வந்ததைப் பார்த்தேன்.

"பாத்தியா தம்பி, சொந்த வீட்டுல நொண்டியாட்டம் ஆட விட்டுட்டாரு. இவரு சாமி கும்பிடறதுக்கும் ஒரு பர்மிட் வாங்கிருவாரு."

"எதைச் சுடப் போறீங்கள் அண்ணை?" என்று கேட்டேன். நான் அவரைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"சுடவா? சுடறதுக்கு யாரு செய்றா?" என்று சொல்லிவிட்டு எண்ணெய்த் துணியை மடித்தார். பிறகு, "உன்ன ஒண்ணு கேக்கணும். பொலிஸ் விசாரிக்க வெளியாள் ஒருத்தர் பேரு வேணுமாம். உன் பேரக் கொடுக்கலாமா? யோசிச்சுச் சொல்லு."

"ஓம்" என்றேன். யோசிக்கவில்லை.

கான்ஸ்டபிள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு காலை நேரம். மனைவி தோசைக்கு மா கரைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் நீலச் சட்டை, கையில் தொப்பி, கக்கத்தில் ஃபைல். வாசலில் எங்கள் செருப்புகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் குனிந்து தன் சப்பாத்துகளின் நாடாவை அவிழ்த்தார். வலது கால் சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தச் சீருடையும் சப்பாத்தைக் கழற்றியதில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் கதவின் கைப்பிடியை விடவில்லை.

ஊரில் நான் வேலைசெய்த இரும்பு ஒட்டுப் பட்டறைக்குச் சிப்பாய்கள் வந்து, ஒரு படத்தை நீட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்று சொன்னவன் அந்தப் படத்துக்காரனோடு சேர்ந்து டிரக்கில் ஏறுவான். தெரியாது என்று சொல்ல வேண்டும். தம்பியின் படம் என்றாலும் தெரியாது. அங்கே அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை. மழைக்குக் குடை விரிக்கிற மாதிரி.

கான்ஸ்டபிள் அவருடைய பெயரைச் சொல்லி, "டூ யூ நோ ஹிம்?" என்றார்.

"நோ" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே இடத்தில்தானே வேலை செய்கிறீர்கள் என்று மெதுவாக விளக்கிக் கேட்டார்.

"பிக் ஃபேக்டரி" என்றேன்.

பதினொரு பேர். மதியம் அவருடைய சம்பலும் என்னுடைய ரொட்டியும் ஒரே தட்டில்.

கான்ஸ்டபிள் எதையோ எழுதினார், நன்றி சொன்னார், படியில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினார். கார் சத்தம் மறைந்த பிறகு மனைவி மாக்கையோடு வந்து நின்றாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாதெண்டு."

முதலில் அவள் முகத்தில் நிம்மதி வந்தது. பிறகு அது போய்விட்டது. அன்றைக்குத் தோசை சுடவில்லை.

அதற்குப் பிறகான வாரங்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டால் முகம் தெரியாது என்பதால் தேநீர் நேரத்திலும் இறக்கியபடியே நின்றேன். அவர் என் பங்குச் சம்பலை மூடிவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோ என்று பையில் வைத்துவிடுவார். ஒருநாள் பையில் எலுமிச்சம்பழங்களும் இருந்தன. நகரசபைப் பதில் வந்துவிட்டதாம்.

பொலிஸ் கடிதமும் வந்தது. எல்லாக் கடிதத்தையும் போல இதையும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தார். "'குறிப்பிட்ட நபர், விண்ணப்பதாரரைத் தமக்குத் தெரியாது என்கிறார். ஆகவே இப்போதைக்கு அனுமதிக்க முடியாது'ன்னு போட்டிருக்கான்." தாளை மடித்தார். "தம்பி, உன் வீட்டு நம்பர் பதினாலுதானே?"

"ஓம்."

"நான் சரியாத்தான் எழுதினேன். நகல் இருக்கு. அப்ப இவன் வேற எவன் வீட்டுக்கோ போயிருக்கான். அவன் தெரியாதுன்னுதானே சொல்வான்? பாவம், அவனுக்கு எப்படி என்னத் தெரியும்!"

அவர் என்னைச் சோதிக்கவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு சாமான் பொருந்தாவிட்டால் அளவில் எங்கே பிழை என்று தேடுகிற முகம் அது.

"விடறதா இல்ல. வீடு மாறிப் போயி விசாரிச்சிருக்கான்னு மேலிடத்துக்கு எழுதப் போறேன். வெள்ளிக்கிழமை தபால்ல போட்டுருவேன். அந்தக் கான்ஸ்டபிள் வேலை போனாலும் போகும், பதில் சொல்லட்டும்."

எனக்குச் சொக்ஸுக்கு வெளியே தெரிந்த அந்தப் பெருவிரல் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பொலிஸ் நிலையத்தைச் சுற்றி நடந்துவிட்டு ரயில் ஏறினேன். புதன்கிழமை வாசல்வரை போனேன். யாரோ வெளியே வந்து எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதும், எதிரே இருந்த டெய்ரிக் கடைக்குப் போய் வேண்டாத பால் ஒரு போத்தல் வாங்கினேன். வியாழக்கிழமை உள்ளே போனேன். அதே கான்ஸ்டபிள் மேசையில் இருந்தார். நான் வழியெல்லாம் பாடமாக்கியதில் இரண்டு வரிதான் மிஞ்சியது.

"ஐ சே நோ," என்றேன். "இட் இஸ் யெஸ்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏன் இல்லை என்றாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், படம், தெரியும், டிரக் என்று சொன்னேன். டிரக்கைக் கையால் காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். பிறகு பேனாவை எடுத்து, சரி, அந்த மனிதரைப் பற்றிச் சொல் என்றார். அவரிடம் துப்பாக்கி இருந்தால் நீ பயப்படுவாயா?

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு யோசித்துப் பேசியது கிடையாது.

"ஹி ஆஸ்க். எவ்ரிதிங் ஹி ஆஸ்க். லெமன் ஆஸ்க். பாட் மேன் நோ ஆஸ்க்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். மேசையைத் தட்டி, "டெல் மீ அபவுட் இட்" என்றார். அவருக்கும் போதுமான அளவு கேள்வி கிடைத்திருக்க வேண்டும். கீழே கார்பன் மைத்தாள் வைத்து நாலு வரி எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை. உறையில் முத்திரை ஒட்டி, பட்டறை மேசையில் வைத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். லேத் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"அண்ணை, வீட்டு நம்பர் சரி."

அவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் என்னைப் பார்க்காமல், துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நேத்துப் போய்ச் சொல்லிப்போட்டன், தெரியும் எண்டு."

"எழுத்துலயா?"

"ஓம். கையெழுத்தும் வைச்சனான்."

"நகல் வாங்கினியா?"

"இல்லை அண்ணை."

"என்னா மனுஷன்யா நீ!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஃபோர்மன்கூட எட்டிப் பார்த்தார். "நகல் இல்லாம கையெழுத்துப் போடுவியா? எங்கப்பா தோட்டத்து வெள்ளக்காரத் தொரையோட துப்பாக்கிய இருவது வருஷம் தோள்ல சுமந்தவரு. ஒருநாள் ரிப்பேருக்கு டவுனுக்குக் கொண்டுபோயிட்டு வர்றாரு, காட்டுக்குள்ள கம்யூனிஸ்டுச் சண்டை நடந்த காலம், வழியில பொலிஸ் புடிச்சிட்டான். துப்பாக்கி வச்சிருந்தா தூக்குடா அப்ப! தொர லீவுல சீமைக்குப் போயிட்டாரு. தோட்டத்து ஆபீஸ் கிராணியக் கேட்டான், 'தெரியும், எங்க ஆளு'ன்னாரு கிராணி. வாயால. மறுநாள் வேற இன்ஸ்பெக்டர் வந்து கேட்டான். கிராணிக்குப் பயம். 'தெரியாது'ன்னுட்டாரு. அஞ்சு வாரம் உள்ள இருந்தாரு எங்கப்பா. தொர திரும்பி வந்து சிரிச்சாராம், அட, இவன் என் துப்பாக்கி தூக்குறவனாச்சே அப்படின்னு. லைசென்ஸ்ல தொர பேருதான் இருந்திச்சு. சுமக்கறவன் பேரு எங்க இருக்கு?"

மூச்சு வாங்கினார். உறையை எடுத்து, முத்திரை கிழியாமல் மெல்ல உரித்து, பையில் வைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற மனிதர், அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை நகலோடு வந்தார். மைத்தாளின் நீலப் பிரதி. எப்படிக் கேட்டு வாங்கினாரோ தெரியாது; அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பார். "இது உன்னோடது. பத்திரமா வச்சுக்க. நாளைக்கு நீயே இல்லன்னு சொன்னாலும் இது சொல்லும்."

லைசென்ஸ் வந்த வாரம் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். வெண்கட்டிக் கோட்டை ஈரத்துணியால் துடைத்திருந்தார். இரும்பும் மரமும் முதல்முறையாக ஒரே மேசையில் கிடந்தன. இரும்பில் ஓர் இடத்தில் 63 என்று பொறித்திருந்தார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களைக் கணக்கெடுக்கும்போது, அவருடைய அப்பாவைக் கூப்பிட்ட நம்பர். அதற்கும் அனுமதி கேட்டிருந்தார், எந்த நம்பரை வேண்டுமானாலும் போடு, என்னை விடு என்று கான்ஸ்டபிள் சொன்னாராம்.

கடைசி ஸ்குரூவை எடுத்தவர் சட்டென்று நின்றார். என் கால்களைப் பார்த்தார்.

"தம்பி, உனக்கு லைசென்ஸ் இல்ல."

நான் பின்னால் நகர்ந்தேன். சுவர்வரை போனேன். அவருக்குத் திருப்தி இல்லை. பையில் இருந்து வெண்கட்டியை எடுத்து என் கையில் தந்தார். "நீயே போடு."

நான் குனிந்து என் காலுக்கு முன்னால் ஒரு கோடு போட்டேன். அவ்வளவு நேராக வரவில்லை. அந்தப் பக்கம் அவர் ஸ்குரூவைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, தலையைச் சாய்த்து, ஏதோ சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதுபோல நின்றார். எந்தச் சுற்றில் என்று அவருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் அதைத் தோளில் சாத்திக்கொண்டார். குறிபார்க்கிற மாதிரி அல்ல. சுமக்கிற மாதிரி. நாலு அடி நடந்து, திரும்பி வந்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதை அவர் ஒருநாளும் சுட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பிறகு அவர்கள் மெல்பேர்னுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடல் தாண்டி அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக எத்தனை கடிதம் எழுதினாரோ. எங்கள் குடியுரிமைப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் அந்த நீலத்தாளும் இருக்கிறது. போன மாதம் என் மகள் எடுத்துப் படித்தாள். "டாட், ஹூ இஸ் திஸ் மேன்?" என்றாள். எனக்குத் தெரிந்த ஒருத்தர் என்றேன்.

மை மங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் வரைக்கும் கான்ஸ்டபிள் நான் சொன்னபடியே எழுதியிருக்கிறார். கீழே என் கையெழுத்து, தமிழில். அதற்குப் பக்கத்தில், அன்றைக்கு என்னை யாரும் கேட்காமலே, நான் என் வீட்டு நம்பரையும் எழுதியிருக்கிறேன். பதினான்கு.